கூண்டுக்குள் இருப்பது டியூக் இல்லை!

அத்தியாயம் 5

"பாஸ், ஒரு எலி ஆம்பளையா பொம்பளையான்னு பாக்குறதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். இதை நான் வீட்டுல போய் எப்படிச் சொல்றது?"

"எலி இல்ல ஜொய்சி. சின்சில்லா."

"மீசை இருக்கு, வாலு இருக்கு, கொறிக்குது. லயத்துக்குள்ள வந்தா அடிச்சுத் தூக்கிப் போடுவோம். பங்களாவுல இருந்தா ஏசி போட்டு வளக்குறாங்க. அவ்வளவுதானே வித்தியாசம்?"

துப்பறிவாளன் கிருஷ்ணகுமார் ஆத்துமலைத் தோட்டத்து பங்களாவின் முன்படியில் நின்று, கெண்டைக்காலில் ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஓப்பநாயக்கவில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மழை விட்டபாடில்லை.

இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் அவனுடைய ஆபீஸ். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பது, காணாமல்போன மாணிக்கக்கல்லைத் தேடுவது, இந்த இரண்டும்தான் பிழைப்பு. உதவிக்கு ஜொய்சி. அவளுக்கு மூளை கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. ஆனால் இன்றைக்கு அவளுடைய கேலி எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அவன் பிறந்தது புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். இந்த நாற்பத்து நாலு வயதில் ஒரு துரை பங்களாவுக்குள் முன்வாசல் வழியாக நுழைவது இதுதான் முதல் தடவை. சற்றுமுன் அவன் கால் தானாகவே வேலைக்காரர்கள் நுழையும் பின்புறக் குசினிப் பக்கம் திரும்ப, ஜொய்சிதான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அந்தக் கூச்சத்தை நினைத்து அவனுக்கு அவன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

கதவைத் திறந்தவள் ஷாமிளா, தோட்டத்து மேனேஜரான சுமன் துரையின் மனைவி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவளே போன் பண்ணித்தான் இவர்களை வரவழைத்திருந்தாள்.

"சுமனுக்கு நான் உங்களைக் கூப்பிட்டது பிடிக்கல. இருந்தாலும் எனக்கு என் டியூக் வேணும்" என்று அவர்களை ஒரு குளிர் அறைக்குள் கூட்டிப்போனாள்.

வெளியே புழுக்கமும் மழையுமாகக் கிடக்க, உள்ளே நுவரெலியாவைப் போல ஜில்லென்று இருந்தது. பெரிய கூண்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பிராணி. முயலின் உடம்பு, அணிலின் வால், பஞ்சு மாதிரி உரோமம். ஆட்களைப் பார்த்ததும் மூலைக்குள் ஒடுங்கியது.

"இது டியூக் இல்ல, மிஸ்டர் குமார். டியூக்குக்கு ஒரு ஜோடி வேணும்னு கொழும்பில ஒருத்தருக்குச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை அவர் பொண்ணைக் கொண்டு வந்தார். டியூக்கைத் தூக்கிப் பார்த்தார். 'மேடம், மாப்பிள்ளையும் பொண்ணுதான்' என்று சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டார்."

"கல்யாணத்தன்னைக்குத்தான் தெரிய வந்துச்சா? சில எடத்துல அப்படித்தாங்க" என்றாள் ஜொய்சி.

கிருஷ்ணகுமார் அவள் காலை மிதித்தான்.

"டியூக் ஆண்" என்றாள் ஷாமிளா அழுத்தமாக. "பதினோரு மாசத்துக்கு முன்னால, வாங்கின அன்னைக்கே சுமன் தூக்கிப் பார்த்துச் சொன்னார். போன மாசம் நாங்க ஒரு வாரம் கொழும்புக்குப் போயிருந்தோம். கூண்டுச் சாவி வேலைக்காரி இருளாயிகிட்ட. அந்த ஒரு வாரத்துல என் டியூக்கை வித்துட்டு, எங்கேயோ கிடந்த இந்தப் பொட்டையைக் கொண்டுவந்து வச்சிருக்கா."

"அடையாளம் ஏதாவது இருக்கா மேடம்? தழும்பு, மச்சம்?"

"இடது காதுல ஒரு சின்ன வெட்டு. குட்டியா இருந்தப்போ கம்பியில கிழிச்சுக்கிட்டான்."

கிருஷ்ணகுமார் குனிந்து பார்த்தான். கூண்டுக்குள் இருந்த பிராணியின் இடது காதில் வெட்டு இருந்தது.

"அதையும் அவளே வெட்டியிருப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சுமன் துரை. அரைக் காற்சட்டை, முழங்கால் வரை சேறு படிந்த பூட்ஸ். "பதினோரு வருஷமா பங்களாவுல இருக்கிறவளுக்கு எந்தக் காதுன்னு தெரியாதா? நாலு மணிக்கு பொலிஸ் வருது. அதுவரைக்கும் உங்க விளையாட்டை விளையாடிக்குங்க மிஸ்டர்."

மணி பன்னிரண்டாகியிருந்தது.

*

இருளாயி குசினிக்குப் பின்னால், விறகுக் கொட்டகையில் குந்தியிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. பொலிஸ் வரும்வரை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் பதறி எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, நான் எடுக்கலீங்க. சாமி சத்தியமா எடுக்கலீங்க."

"கையை எறக்குங்கக்கா. நானும் லயத்து ஆளுதான்" என்றான் கிருஷ்ணகுமார். "ஐயாவெல்லாம் வேணாம்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நம்பியவளாகத் தெரியவில்லை. இருந்தாலும் கையை இறக்கினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கூண்டுல இருக்குறது பழைய டியூக்கா, புதுசா?"

"அதேதான் தம்பி. நான் தவுட்டு டின்ன தட்டினா ஓடி வந்து கையில ஏறும். வேற ஒண்ணா இருந்தா வருமா?"

"அப்ப டியூக் எப்படிக்கா பொட்டையாச்சு?"

"அது எப்பவும் பொட்டைதான்" என்றாள் இருளாயி, சர்வசாதாரணமாக.

ஜொய்சியின் புருவம் மேலே போனது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லயத்துல முயல் வளத்து வித்தவ புள்ள நான். துரை முன்னுக்கு நீட்டிக்கிட்டு இருக்குறத பாத்து ஆம்பளைன்னு நெனச்சுட்டாரு. அது ஒண்ணுக்குப் போற குழாய், இந்தச் சாதியில ரெண்டுக்கும் அப்படித்தான் நீட்டிக்கிட்டு இருக்கு. அத பாக்கக் கூடாது. அதுக்கும் பின் தொவாரத்துக்கும் நடுவுல பாக்கணும். அரை வெரலு எடம் விட்டிருந்தா கெடா. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா பொட்டை. மண்ணுக் குளியலுக்கு எடுத்துவிட்ட மொத நாளே நான் பாத்துட்டேன்."

"மொத நாளேவா? பதினோரு மாசமா ஏன்க்கா சொல்லல?"

இருளாயி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். லயத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு இப்படி ஒரு கேள்வி கேட்கிறானே என்று நினைத்திருப்பாள்.

"துரை ஆம்பளைன்னு சொல்லிட்டாரு தம்பி. இல்லீங்க பொட்டைன்னு நான் சொல்லவா? துரை மழை பெய்யலன்னு சொன்னா நாங்க கொடைய மடக்கிருவோம். அதுதானே இங்க நடப்பு."

கிருஷ்ணகுமாரின் அப்பாவும் அதே பழக்கத்தில்தான் செத்தார். காய்ச்சலோடு நின்றவரைப் பார்த்து, உனக்கு ஒன்றுமில்லை என்று துரை சொன்னார். ஒன்றுமில்லைங்க என்று சொல்லிவிட்டு அவரும் மலைக்கு வேலைக்குப் போனார்.

"பொலிசுக்குப் பயப்படாதீங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"பொலிச விடுங்க. வேலை போனா குடியிருக்குற காம்பராவும் போயிடும் தம்பி. மக தனுஜா ரெண்டு மாசத்துல ஏ.எல். பரீட்சை எழுதப் போறா. எங்க பத்தாம் நம்பர் லயத்துல நாலு குடும்பம் இருந்துச்சு. மூணு பேர கெளப்பிட்டாங்க, நான் மட்டும் அசையல. எங்க போறது? ஓடைக்கரையில குழி போட்டுப் பாத்ததுல லயத்துக்கு அடியில இல்லம் இருக்குதாம்."

இல்லம் என்றால் மாணிக்கக்கல் கிடக்கும் சரளை மண். இரத்தினபுரிப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லைக் கேட்டால் நல்ல மனிதர்களுக்கே கண் மாறிப்போகும். துரைமார் எம்மாத்திரம்? கிருஷ்ணகுமாருக்கு இந்த வழக்கின் நாற்றம் அப்போதுதான் மூக்கில் ஏறியது.

"இதெல்லாம் வேற யாருகிட்டயும் சொன்னீங்களா?"

"காலையில தோட்டத்து ஆபீசுல பவுல் கிளாக்கர் கேட்டாரு. உள்ளத சொன்னா விட்டுருவேன்னாரு. மொத நாளே பொட்டைன்னு தெரியும், பயந்துகிட்டு சொல்லலன்னு சொன்னேன். டைப் அடிச்சு கையெழுத்து வாங்குனாரு. நல்ல மனுசன்."

*

ஹாலுக்குத் திரும்பியதும் கிருஷ்ணகுமாரின் கண் நடுவிலிருந்த கண்ணாடி மேசையில் விழுந்தது. கண்ணாடிமேல் சின்னச் சின்னக் காலடித் தடங்கள்.

"டியூக் இதுல ஏறுமா மேடம்?"

"தினமும் சாயந்தரம் ஏத்தி விடுவேன். மேசைக்கு மேல ராஜா மாதிரி நடப்பான்."

"போட்டோ எடுத்திருக்கீங்களா?"

"ஆயிரம் இருக்கு."

"மேல இருந்து எடுத்தது வேணாம். கீழ இருந்து எடுத்தது இருக்கா?"

ஷாமிளா திகைத்தாள். பிறகு போனை எடுத்துத் தேடத் தொடங்கினாள். "போன டிசம்பர்ல அக்கா மகள் வந்திருந்தா. பாதம் ரோஸ் கலர்ல அழகா இருக்குன்னு மேசைக்கு அடியில படுத்து ஒண்ணு எடுத்தா... இதோ."

கிருஷ்ணகுமார் படத்தைப் பெரிதாக்கினான். கண்ணாடிக்கு மேல் நான்கு பாதங்கள், வயிறு, மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஓரத்தில் இடது காதும் அதன் வெட்டும்.

"இப்ப அதைக் கொண்டுவந்து மேசையில விடுங்க மேடம். ஜொய்சி, கீழ படு."

"எங்கம்மா என்னை ஓ.எல். வரைக்கும் படிக்க வச்சது இதுக்குத்தான்" என்று முணுமுணுத்தபடி ஜொய்சி மேசைக்கடியில் நுழைந்தாள். மேலே பிராணி நடந்தது. கீழேயிருந்து அவளுடைய குரல் வந்தது. "ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு பாஸ். நடுவுல பிளேடுகூட நுழையாது."

"படத்துல?"

போனை வாங்கிப் பார்த்தாள். "அதே அச்சு. டிசம்பர்லயும் இது பொண்ணுதான்."

கிருஷ்ணகுமார் ஷாமிளாவுக்கு விளக்கினான். ஆண் சின்சில்லாவின் படம் ஒன்றையும் ஜொய்சி போனில் தேடிக் காட்டினாள். அதில் அந்த அரை விரல் இடைவெளி வெறும் தோலாகத் தெரிந்தது. மாற்றியதாகச் சொன்னது போன மாதம். படம் எடுத்தது டிசம்பரில். அப்போதும் பெண், இப்போதும் பெண், காது வெட்டும் அதே. யாரும் எதையும் மாற்றவில்லை.

"அப்போ இது... என் டியூக்தானா?" ஷாமிளா அதை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். அது திமிறியதில் ஒரு பிடி உரோமம் அவள் கையோடு வந்தது. "ஐயோ, பயந்துட்டான். உடம்பு சூடாயிடும். பேன்ட்ரி பிரிஜ்ஜுல மார்பிள் கல்லு வச்சிருக்கேன், அதுமேல படுத்தாத்தான் ஆறுவான். எடுத்துத் தாங்களேன்."

ஜொய்சி போனாள். போனவள் வருவதற்கு நேரமானது. வந்தபோது ஒரு கையில் கல்லும் மறு கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பியும் இருந்தன. கிணறு வெட்டப் போய் பூதத்தைப் பார்த்தவள் மாதிரி முகம்.

"பிரிஜ்ஜுக் கதவுல இருந்துச்சு பாஸ். கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து. லேபல வாசிங்க."

கிருஷ்ணகுமார் வாங்கிப் பார்த்தான். கொழும்பில் ஒரு மிருக வைத்தியரின் லேபல். டியூக். சின்சில்லா. அதற்கு அடுத்த சொல், பெண். திகதி பெப்ரவரி ஒன்பது. கொண்டுவந்தவர் பெயர், சுமன்.

"பெப்ரவரியில டியூக்குக்குக் கண்ணுல தண்ணி வந்ததே" என்றாள் ஷாமிளா. "நான் அம்மா வீட்டுல இருந்தேன். சுமன்தான் டாக்டர்கிட்ட கொண்டுபோனார். ஏன்?"

கிருஷ்ணகுமார் வாசலைப் பார்த்துத் திரும்பினான். சுமன் துரை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"இது பொண்ணுன்னு நாலு மாசத்துக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் அந்தப் பொம்பளை மேல திருட்டுப்பட்டம் கட்டினீங்க" என்றான். "பத்தாம் நம்பர் லயத்துல மிச்சம் இருக்குறது அவங்க மட்டும்தானே?"

துரை நிதானமாக வந்து குப்பியை அவன் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "ஷாமிளா வருத்தப்படுவாளேன்னு சொல்லாம விட்டேன். அப்புறம் மறந்தே போச்சு. மனுஷனுக்கு மறதி வரக்கூடாதா?" என்றார். போனை எடுத்து பொலிசுக்கு நம்பர் போட்டார். "பிரஷ்ணயக் நே. என்ட ஓன நே" என்று, பிரச்சினை இல்லை, வரவேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். "போதுமா மிஸ்டர்? திருட்டு நடக்கல. முறைப்பாடு வாபஸ்."

கிருஷ்ணகுமார் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான். "அப்ப இருளாயி நாளைக்கு வேலைக்கு வரலாம்தானே?"

"அவதான் வேலையை விட்டுட்டாளே."

துரை சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஆங்கிலத்தில் டைப் அடித்தது. அடியில் கோணல்மாணலான தமிழில் 'இருளாயி' என்று கையெழுத்து. கிருஷ்ணகுமார் வாசிக்க வாசிக்க அவன் காது சூடேறியது. கூண்டில் இருந்தது துரை சொன்ன ஆண் பிராணி இல்லை, பெண் பிராணி என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் நிர்வாகத்திடம் மறைத்தேன். பயத்தினால் சொல்லவில்லை. ஆகவே என் சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகி, பத்தாம் நம்பர் லயத்துக் காம்பராவை இன்றே ஒப்படைக்கிறேன்.

"இது மோசடி."

"எது? கடைசி வரியைத் தவிர மிச்சம் எல்லாம் அவ வாயால சொன்னது. போய்க் கேட்டுப் பாருங்க, ஒரு சொல் பொய்யில்ல."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இன்றைக்கு ஏறியிருந்தது, ஆங்கிலத்தில் ஏறி அவள் தலையிலேயே விழுந்திருந்தது. கிருஷ்ணகுமார் ஷாமிளாவின் பக்கம் திரும்பினான்.

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க டியூக்கை இத்தனை நாள் பாத்துக்கிட்டது அவங்கதான்."

ஷாமிளா குளிர்ந்த கல்லின்மேல் டியூக்கைப் படுக்கவைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. "அது எஸ்டேட் விஷயம், மிஸ்டர் குமார். நான் அதிலெல்லாம் தலையிடுறதே இல்ல" என்றாள். "சுமன், இனிமே இவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?"

"லேபல நான் போன்ல படம் புடிச்சிட்டேன் துரை" என்றாள் ஜொய்சி, கதவைத் தாண்டும்போது. "குப்பிய பத்திரமா வச்சுக்குங்க, கண்ணுல தண்ணி வந்தா ஊத்திக்கலாம். உங்களுக்கு வராது, இருந்தாலும் வச்சுக்குங்க."

*

பத்தாம் நம்பர் லயத்தில் இருளாயியின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. சாக்கு மூட்டைகள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கிடந்தன. பாடப் புத்தகங்கள் நனையாமல் இருக்க, தனுஜா அவற்றை மடியில் வைத்துத் தாவணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொலிஸ் வராது என்றதும் துரத்திவிடப்பட்ட இருளாயி, இவர்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

"என்ன தம்பி ஆச்சு? பொட்டைன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கக்கா. யாரும் எடுக்கல, மாத்தலன்னு துரையே சொல்லிட்டாரு."

"துரையேவா!" அவள் முகம் மலர்ந்தது. மகளைப் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்றாள். "அப்ப இந்தப் பூட்ட தெரியாம போட்டுட்டாங்க போல. சாவி குடுத்து விட்டாங்களா தம்பி?"

கிருஷ்ணகுமார் எத்தனையோ கல்யாண வீடுகளில் போய், மாப்பிள்ளை சரியில்லை என்று பெண்ணைப் பெற்றவர்களிடம் சொல்லியிருக்கிறான். இது மாதிரி ஒருநாளும் வலித்ததில்லை. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நான் வாசிச்சிருப்பேனே அம்மா" என்று தனுஜா விம்மினாள்.

"திங்கக்கிழமை நாம எல்லாரும் லேபர் ஆபீசுக்குப் போறோம்க்கா" என்றாள் ஜொய்சி அவசரமாக. "படம் இருக்கு, திகதி இருக்கு. விட மாட்டோம்."

விட மாட்டோம்தான். ஆனால் அந்த ஆபீசில் ஒரு பைல் மேசை மாறுவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கிருஷ்ணகுமாருக்குத் தெரியும். பரீட்சைக்கு இருப்பது இரண்டு மாதம். கீழே ஓடைக்கரையில் இரண்டு பேர் அளவுக் கயிறு பிடித்துக்கொண்டு லயத்தை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

இருளாயி அழவில்லை. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். கிருஷ்ணகுமார் கை கொடுக்க, மூட்டையைத் தூக்கி ஏற்றிக்கொண்டாள்.

"கிளாக்கர் ஐயா நான் சொன்னதத்தான் எழுதியிருக்காரா தம்பி?"

"ஆமாக்கா. சொன்னதைத்தான்."

"பதினோரு மாசம் ஆம்பளைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு கொறையும் வரல" என்றாள் அவள். "இன்னிக்கும் ஆம்பளைன்னே சொல்லியிருக்கணும்."